நான்கு எல்லையும் அண்ணாவின் பெயரும்

போர் முடிந்து 2010 இல் இலங்கையின் கிளிநொச்சி மாவட்டத்திலுள்ள அக்கராயனுக்குத் திரும்பி வந்த அன்று அப்பாவால் எங்கள் வயலை அடையாளம் காண முடியவில்லை. முப்பது வருடம் அந்த மண்ணில் விதைத்தவர். வயலுக்குக் குறுக்காக ஆளுயரத்துக்கு மேல் ஒரு போர்க்கால மண் அணை போனது, அதை ஒட்டி ஆழமான கிடங்கு. வேலி இல்லை, வேலிக்கு நட்ட கதியால் தடி இல்லை, வரம்பும் இல்லை. "துருசு எங்கை?" என்று மட்டும் கேட்டார். வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிடும் மதகான துருசின் கொங்கிறீட் கட்டை பற்றைக்குள் கிடந்தது. அதில் கை வைத்துக்கொண்டுதான் வயல் எந்தப் பக்கம் என்று சொன்னார்.

ஆனால் உள்ளே இறங்க முடியாது. சிவப்பு நிறத்தில் மிதிவெடி அபாயப் பலகை. அணை ஓரம் முழுக்க வெடி அகற்ற வேண்டியிருந்தது. வேலைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் பெண்கள், எங்களைப் போல முகாமிலிருந்து வந்தவர்கள். உலோகம் குறைவான மிதிவெடிகள் கருவிக்கு எளிதில் அகப்படாது என்பதால் இரும்பு விறாண்டியால் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுப்பார்கள். வெயிலில் முகக் கவசத்தோடு முழங்காலில் இருந்து ஒரு நாள் முழுக்கச் சுரண்டினாலும் சில முழம்தான் நகரும். இன்றைக்கும் அந்த வயலில் வெறுங்காலோடு நடக்கும்போது அவர்களை நினைக்கிறேன்.

வெடி அகற்றி முடித்த பிறகு அணையைத் தட்டும் வேலை. பாதி மண்வெட்டியால், மீதி வாடகை உழவு இயந்திரத்தால். அடியிலிருந்து வந்த களிமண் மேலே பரவிவிட்டதால், அணை இருந்த இடத்தில் முதல் இரண்டு காலபோகமும் (மாரிமழைப் போகம்) நெல் மஞ்சளாகவே நின்றது. சாணமும் உமியும் போட்டு, ஒரு போகம் உழுந்து விதைத்து உழுத பிறகுதான் மண் கொஞ்சம் கறுத்தது. ஐ.நா. அகதிகள் நிறுவனமான யு.என்.எச்.சி.ஆர். தந்த 25,000 ரூபாயில் கொட்டிலுக்குப் போனது போக மிச்சம் இயந்திர வாடகைக்குப் போனது. மானிய உரம் அந்த நேரம் 50 கிலோ மூட்டை 350 ரூபாய். அது இல்லாவிட்டால் விதைத்தே இருக்க மாட்டோம்.

அப்புறம் கடதாசி வேலை. இதைத்தான் விரிவாக எழுத நினைத்தேன், இன்னும் பலர் இதில் நிற்கிறார்கள்.

எங்களுடையது 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த பெர்மிட் காணி, அதாவது அனுமதிப் பத்திரத்தோடு தந்த அரச காணி. பெர்மிட் இருந்த பெட்டியைப் போரின் கடைசி மாதங்களில் முல்லைத்தீவுக் கரையோர மாத்தளனில் விட்டுவிட்டு வந்தோம். பிரதி எடுக்கப் பொலிசில் முறைப்பாடு, சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி, கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல் எல்லாம் எடுத்தோம். ஒரு அலுவலகத்தில் பழைய பேரேடு இல்லை என்று மூன்று தரம் திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் உதவியது அம்மா சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த ஏக்கர் வரி ரசீது ஒன்று. அதில் அப்பாவின் பெயரும் வயலின் அளவும் இருந்தன. பழைய ரசீது, உர மானியப் பட்டியல், கமக்கார (விவசாயிகள்) அமைப்பின் பதிவு, எது கிடைத்தாலும் எறியாதீர்கள்.

எல்லைக்கு அயல் காணிக்காரர் சாட்சி வேண்டும் என்றார்கள். தெற்கே வாய்க்கால். மேற்கிலும் வடக்கிலும் இருந்தவர்கள் திரும்பி வந்திருந்தார்கள். கிழக்குக் காணிக் குடும்பத்தில் ஒருவரும் மிஞ்சவில்லை. அந்த வீட்டம்மாவின் தங்கை வவுனியாவிலிருந்து பஸ் ஏறி வந்து, அக்கா நட்ட பூவரசின் அடிக்கட்டையைக் காட்டிக் கையெழுத்து வைத்தா. கையெழுத்து வைத்த பிறகும் எழும்பாமல் அந்தக் கட்டைக்குப் பக்கத்திலேயே இருந்தா. அம்மாவும் போய்ப் பக்கத்தில் இருந்தா.

2013 இல் போருக்குப் பிந்திய அரச காணிப் பிரச்சினைகளுக்கென்று சுற்றறிக்கை வந்து, விண்ணப்பம் கோரி விசாரித்தார்கள். எங்கள் கோப்பும் அப்போதுதான் நகர்ந்தது. விசாரணையில் பின்னுரித்தாளர், அதாவது அப்பாவுக்குப் பிறகு காணி யாருக்கு, என்று கேட்டார்கள். பழைய பெர்மிட்டில் அண்ணாவின் பெயர். 2009 ஏப்ரலில் தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று போன அண்ணா திரும்பவில்லை.

"பிள்ளை, அண்ணாவுக்கு மரணச் சான்றிதழ் எடுத்தால் உங்கடை பேரைப் போடலாம். இப்ப எடுக்கிறது லேசு" என்றார் விசாரித்த ஐயா. அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். காணாமல் போனவர்களுக்கு மரணப் பதிவை எளிதாக்க 2010 இல் ஒரு சட்டம் வந்திருந்தது. பின்னுரித்தாளர் பெயர் குறிக்காமல் விட்டாலும் மகளான எனக்குச் சிக்கல்தான். அந்தக் காணிச் சட்டத்தின் வாரிசு அட்டவணைப்படி பிள்ளைகளில் ஆண் பிள்ளைக்கே முதல் உரிமை இருந்தது, அது 2022 இல்தான் திருத்தப்பட்டது.

அப்பா சம்மதிக்கவில்லை. "அவன் வந்து கேட்டால் நான் என்ன சொல்லுறது?" என்றார். எனக்கும் அந்தக் கடதாசியில் கையெழுத்து வைக்கக் கை வரவில்லை. அண்ணாவின் பெயரோடே பிரதி வந்தது.

2016 இல் மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆள் காணாமல் போனவர் என்று மட்டும் சொல்லும் சான்றிதழுக்குச் சட்டம் வந்தது. பேப்பரில் வந்ததை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"அதிலை செத்தது எண்டு எழுதமாட்டினமோ?"

"இல்லை அப்பா."

இரண்டு நாள் ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் நாள் காலை வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார், விண்ணப்பம் கொடுக்கப் போவோம் என்று.

பெர்மிட் பிரதியும் அந்தச் சான்றிதழும் இப்போது ஒரே பைலில் இருக்கின்றன. மூன்று போட்டோப் பிரதி எடுத்து, ஒன்றை வவுனியாவில் இருக்கும் கிழக்குக் காணி அக்காவின் தங்கையிடம் கொடுத்து வைத்திருக்கிறேன்.