கோட்டக்கரையில் பாடும் கல்

ஆரோவில் போகிற நம் ஆட்களில் பாதிப் பேர் மாத்ரிமந்திரைத் தூரத்தில் நின்று பார்த்து, ஒரு செல்ஃபி எடுத்து, காபி குடித்துவிட்டுப் பாண்டிக்குத் திரும்பிவிடுவார்கள். கோட்டக்கரைப் பக்கம் வண்டியை விட்டால் ‘ஸ்வரம்’ இருக்கிறது. ஆரேலியோ என்ற ஆஸ்திரிய இசைக்கலைஞர் 2003இல் தொடங்கிய இசைக்கருவிப் பட்டறை. வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் சுற்றுப்பட்ட கிராமத்துக்காரர்கள், இங்கேயே தொழில் கற்றவர்கள். மூங்கில், மரம், கல், உலோகக் குழாய் என்று எது ஒலிக்குமோ அதையெல்லாம் கருவியாக்கிப் பார்க்கிறார்கள்.

தோட்டத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது கல்தான். ஒரே பாறைத் துண்டு. அடியை விட்டுவிட்டு மேலிருந்து சீப்புப் பல் போல வரிசையாக வெட்டியிருக்கிறார்கள். கையைத் தண்ணீரில் நனைத்து அதன் மேல் இழுக்க வேண்டும். எனக்கு முதலில் வெறும் சரக் சரக்தான். “அழுத்தாதீங்க சார், சும்மா வழுக்கி விடுங்க” என்றார் அங்கிருந்த அண்ணன். அப்புறம் கல் முனகத் தொடங்கி, மெல்ல மெல்லப் பெரிதாகி, அதிர்வு முழங்கை வரை ஏறியது. ஈரக் கை கல்லில் ஒட்டுகிறது, விடுபடுகிறது, உடனே மறுபடி ஒட்டுகிறது. வயலின் தந்தியில் வில் செய்கிற வேலையும் இதுவேதான். வெட்டு ஆழமாக இருந்தால் சுருதி இறங்கும். இந்த மாதிரிக் கற்களை 1970களில் ஜெர்மன் சிற்பி எல்மார் டௌஹர் செய்தார். நெல்லையப்பர் கோயில் இசைத்தூண்களைத் தட்டிக் கேட்டவன் நான். கல்லைத் தடவியும் பாட வைக்கலாம் என்று தோன்றியதே இல்லை.

ஆனால் தோட்டத்தைவிடப் பட்டறையில்தான் எனக்கு நேரம் போனது. மரச்சட்டங்களை அடுக்கித் தட்டி வாசிக்கும் கருவிக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்கள். சட்டத்தின் அடிப்புறம், நடுவில் கொஞ்சம் செதுக்கினால் சுருதி இறங்கும். முனைகளில் செதுக்கினால் ஏறும். நடுவில் கூடுதலாக எடுத்துவிட்டால் முனையைத் தேய்த்து ஓரளவு சரிக்கட்டலாம். நாலு இழுப்பு, ஒரு தட்டு, காதைச் சாய்த்து ஒரு யோசனை, மறுபடி இழுப்பு. கயிறு கோக்கும் துளையையும் கண்ட இடத்தில் போட முடியாது. சட்டம் அதிராமல் நிற்கும் இடம் ஒவ்வொரு முனையிலிருந்தும் நீளத்தில் சுமார் 22 சதவீதம் தள்ளி வரும். மேலே உப்பைத் தூவித் தட்டினால் உப்பு தானாக நகர்ந்து அந்தக் கோட்டில் போய்ச் சேரும். துளை அங்கேதான். வேறு எங்கே கட்டினாலும் ஒலி செத்துவிடும். காற்றில் ஆடும் மணிக்குழாய்க்கும் இதே கணக்கு. குழாயைப் பாதியாக வெட்டினால் சுருதி ஒரு ஸ்தாயி, அதாவது கீழ் ‘ச’விலிருந்து மேல் ‘ச’வுக்கு, ஏறும் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம், ஏறுவது இரண்டு ஸ்தாயி.

ஒலியால் நோய் தீரும், மனம் சுத்தமாகும் என்ற பேச்சும் இந்த வட்டாரத்தில் நிறைய. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. உடன் வந்த நண்பர் ஒலிக்கட்டிலில் படுத்துப் பார்த்தார். பலகைக்கு அடியில் வரிசையாகத் தந்திகள். மேலே ஆள் படுத்திருக்க, கீழே ஒருவர் மீட்டிக்கொண்டே இருப்பார். கொஞ்ச நேரத்தில் தந்தியை மீறி இவர் குறட்டை. மீட்டிய பெண் கையை நிறுத்தவே இல்லை. “பரவால்ல சார், முக்கால்வாசிப் பேர் இப்படித்தான்” என்றார்.