பொடி இறுகும்போது முள்ளைப் பாருங்கள்

ஹாட் பிரஸ் என்றதும், பொடியை அச்சில் கொட்டிச் சூடாக்கி ஓங்கி அழுத்தினால் கட்டியாகிவிடும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அழுத்தத்தை மட்டும் நம்பினால் ஏமாற்றம்தான். அலுமினா (அலுமினிய ஆக்சைடு) மாதிரி கடினமான பொடியைச் சூடில்லாமல் எவ்வளவு அமுக்கினாலும் உள்ளே ஏறக்குறைய 40 சதவீதம் காலி இடம் மிஞ்சும், நகத்தால் கீறினால் மாவாக உதிரும்.

ஃப்ரீசரில் ஐஸ் கட்டிகளைச் சில நாள் விட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பார்த்திருப்பீர்கள். உருகி உறையவே வேண்டாம். அந்தக் குளிரும் ஐஸைப் பொறுத்தவரை உருகுநிலைக்குப் பக்கத்துச் சூடுதான், அதனால் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் மூலக்கூறுகள் மெல்ல நகர்ந்து ஒரு சின்னக் கழுத்து வளர்கிறது. பொடியை உருக்காமல் சூட்டிலேயே கெட்டியாக்கும் சின்டரிங் என்பதும் இதேதான். அலுமினா உருக 2072 டிகிரி வேண்டும், ஆனால் 1600 டிகிரியிலேயே அழுத்தம் எதுவும் இல்லாமல் கெட்டியாகிவிடும்.

அப்புறம் எதற்கு அழுத்தம்? துகள்கள் ஒன்றையொன்று தொடும் இடம் ஊசிமுனை அளவுதான், அதனால் வெளியே நாம் கொடுக்கும் 30 மெகாபாஸ்கல் அந்த முனையில் பல மடங்காகி, அங்கிருக்கும் அணுக்களைப் பக்கத்துக் காலி இடத்துக்குத் தள்ளிவிடுகிறது. 1600-க்குப் பதில் 1400, 1500 டிகிரியிலேயே வேலை முடியும், நேரமும் குறையும், முக்கியமாக உள்ளே இருக்கும் படிகங்கள் பெருத்துப்போகாது. படிகம் சிறிதாக இருந்தால்தான் பொருளுக்குப் பலம். போரான் கார்பைடு என்ற மிகக் கடினமான பொருள் விஷயத்தில் இது வெறும் வசதி இல்லை, அதன் அணுக்கள் அவ்வளவு இறுக்கமாகப் பிணைந்திருப்பதால் அழுத்தாமல் காலி இடமே இல்லாத முழு அடர்த்திக்குக் கொண்டுவருவது பெரும்பாடு.

அச்சு கிராஃபைட். சூடு ஏற ஏற அதன் பலம் கூடும் என்பது எனக்கு இன்னும் அதிசயம்தான், ஆனால் காற்றில் எரிந்துவிடும் என்பதால் வெற்றிடமோ ஆர்கான் வாயுவோ வேண்டும்.

எனக்குப் பிடித்தது அழுத்தும் தண்டின் நகர்வைக் காட்டும் முள். முதலில் அது பின்னோக்கிப் போகும், எல்லாம் சூட்டில் விரிகிறது. 1200 டிகிரி வாக்கில் தயங்கி நின்று, பிறகு கீழே இறங்கத் தொடங்கும், கொஞ்ச நேரம் வேகமாக, அப்புறம் சோர்ந்துபோய். 30 மில்லிமீட்டர் உயரத்துக்கு நிரப்பிய பொடி 11 மில்லிமீட்டரில் வந்து நின்றுவிட்டால் சரி, முடிந்தது.

ஒருமுறை அவசரத்தில் தொடக்கத்திலேயே முழு அழுத்தத்தையும் கொடுத்துவிட்டேன். அலுமினாத் தட்டு பார்க்க அருமையாக வந்தது, தண்ணீரில் மூழ்க வைத்து எடை பார்த்தால் 96 சதவீத அடர்த்தி. அதை வேறொரு சோதனைக்காக மறுபடி சூடாக்கியபோதுதான் மேற்பரப்பெல்லாம் கொப்புளம். பொடியில் ஒட்டியிருந்த ஈரமும் வாயுவும் வெளியேறும் முன்பே வழிகளை அடைத்திருக்கிறேன். அடர்த்தி 92 சதவீதத்தைத் தாண்டினால் துளைகள் தனித்தனியாக மூடிக்கொள்ளும், மாட்டிய வாயுவுக்குப் போக்கிடம் கிடையாது.

இப்போது லேசான அழுத்தத்தில் 1000 டிகிரி வரை ஏற்றி, வெளியேறும் வாயுவால் ஏறிய வெற்றிட மானி பழைய நிலைக்கு இறங்கும்வரை அங்கேயே நிறுத்துகிறேன், அதன் பிறகுதான் முழு அழுத்தம். ஆறும்போது அழுத்தத்தை எடுத்துவிடுவேன், கிராஃபைட்டும் அலுமினாவும் ஒரே அளவில் சுருங்காது, பிடித்துவைத்தால் விரிசல். இப்படிச் செய்த முதல் தட்டை அதே சூட்டில் மறுபடி வைத்துப் பார்த்தேன். ஒரு கொப்புளம்கூட இல்லை.