ஆமாம், பேரியாட்ரிக் ஆபரேஷன்தான்

அடுத்த மாதம் எனக்கு ஆபரேஷன். கட்டி இல்லை, பித்தப்பைக் கல் இல்லை, கர்ப்பப்பையும் இல்லை. உடல் பருமனுக்குச் செய்வார்களே, பேரியாட்ரிக், அதுதான். விஷயத்தைச் சொன்னதும் நிறைய பேர் கேட்டது ஒரே கேள்வி: "கொஞ்சம் வாயைக் கட்டினாப் போதுமே, இதுக்குப் போய் கத்தி வைக்கணுமா?" கேட்டவர்களில் ஒருவர்கூட என் அளவுக்கு வாயைக் கட்டியவர் இல்லை. இதை நான் பந்தயம் கட்டியே சொல்வேன்.

கல்யாணத்துக்கு முன்பே தொடங்கிய கதை இது. பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் அம்மா வெறும் வயிற்றில் வெந்நீரும் தேனும் எலுமிச்சையும் கொடுக்க ஆரம்பித்தாள். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று பாட்டி சொல்லிவிட்டாள், அவ்வளவுதான், கொள்ளு ரசம், கொள்ளுத் துவையல், கொள்ளுச் சுண்டல், எல்லாம் எனக்கு மட்டும். அப்புறம் ஏழு நாள் முட்டைக்கோஸ் சூப். அப்புறம் வாழைத்தண்டுச் சாறு. மொட்டை மாடியில் சாக்பீஸால் எட்டு போட்டு அதன் மேலேயே நடந்தது. ராத்திரி சோற்றுக்குப் பதில் சப்பாத்தி (சப்பாத்தியை டயட் என்று நம்புவது நம் ஊரில்தான், வடக்கே அதைத் தின்றுதான் குண்டாகிறார்கள்). தினை, சாமை, வரகு. டப்பாவில் வரும் ஷேக் பவுடர், அதை விற்ற தோழி, அந்தத் தோழியின் வாட்ஸப் குழு. பதினாறு மணி நேர விரதம். எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தேன். நான் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவள், எதையும் நோட்டுப் போட்டு எழுதாமல் இருக்க முடியாது.

இதில் பெரிதாக வேலை செய்தது பேலியோ, அதாவது சோறு, சப்பாத்தி எதையும் தொடாத டயட். 2016 வாக்கில் ஃபேஸ்புக்கில் அந்த அலை அடித்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். காலையில் நூறு பாதாம், மதியம் காலிஃபிளவரைத் துருவி அதையே சாதம் என்று நம்பிச் சாப்பிடுவது, ராத்திரி முட்டையோ பனீரோ. பத்தொன்பது கிலோ குறைந்தது. ஆபீஸில் ஆளாளுக்கு நின்று விசாரித்தார்கள், என்னைப் பார்த்து நான்கைந்து பேர் பாதாம் ஊறப்போட்டார்கள். அதே வருஷக் கடைசியில் மாமனார் படுக்கையில் விழுந்தார். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்த நாட்களில் கேண்டீனில் கிடைத்த சாம்பார் சாதமும் பொங்கலும்தான் சாப்பாடு. அவர் காரியம் எல்லாம் முடிந்து நான் மறுபடி எடை மெஷினில் ஏறியபோது பாதி திரும்பியிருந்தது. மறுபடியும் அதே பேலியோவைப் பிடித்தேன், இந்த முறை ஐந்து கிலோவோடு நின்றுவிட்டது. அப்புறம் போன பத்தொன்பதும் வந்து, கூடவே இன்னும் கொஞ்சம் வந்தது.

இதை நான் பேலியோவின் குற்றம் என்று சொல்லவில்லை. எந்த டயட்டிலும் எனக்கு நடந்தது இதுதான். குறைப்பது எனக்குக் கஷ்டமாக இருந்ததே இல்லை, குறைந்த இடத்தில் நிற்கத்தான் முடியவில்லை.

ஏன் என்று தேடிப் படித்தபோதுதான் எரிச்சலும் நிம்மதியும் சேர்ந்து வந்தது. மெல்பர்னில் பிரியா சுமித்ரன் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. ஐம்பது பேருக்குப் பத்து வாரம் கடுமையான உணவுக் கட்டுப்பாடு கொடுத்து எடையைக் குறைத்தார்கள். ஒரு வருஷம் கழித்து ரத்தத்தைச் சோதித்தால், பசியைத் தூண்டும் ஹார்மோன் ஏறியது ஏறினபடியே இருக்கிறது, வயிறு நிறைந்ததைச் சொல்லும் ஹார்மோன்கள் இறங்கினது இறங்கினபடியே. 2016இல் அமெரிக்காவில் கெவின் ஹால் குழுவின் இன்னொரு ஆய்வு. டிவி போட்டியில் வெறித்தனமாக எடை குறைத்த பதினான்கு பேரை ஆறு வருஷம் கழித்துப் பார்த்தார்கள். குறைத்ததில் பெரும்பகுதி திரும்பியிருந்தது. அதைவிடப் பெரிய விஷயம், அவர்கள் உடம்பு செலவழிக்கும் சக்தி, அந்த உடலமைப்புக்கு இருக்க வேண்டியதைவிட நாளுக்கு சுமார் 500 கலோரி குறைவாகவே இருந்தது. அதாவது உடம்பு ஆறு வருஷமாகச் சிக்கனம் பிடித்துக்கொண்டிருக்கிறது. இதைப் படித்துவிட்டு, "உனக்கு மனக்கட்டுப்பாடு இல்லை" என்று எனக்கு வகுப்பெடுத்த அத்தனை பேர் முகமும் வரிசையாக வந்து போனது.

முழுசாக நம்பியது எடை குறைக்கும் ஊசி போட்ட பிறகுதான். 2025 மார்ச்சில் மவுன்ஜாரோ இந்தியாவுக்கு வந்தது, ஜூனில் வெகோவி. எனக்குச் சர்க்கரையும் இருப்பதால் டாக்டர் முதலாவதை எழுதிக் கொடுத்தார். அதுவரை என் பசி, ஆடி மாதம் அம்மன் கோயிலில் கட்டும் ஸ்பீக்கர் மாதிரி, கதவைச் சாத்தினாலும் கேட்கும். ஊசி போட்ட சில வாரத்தில் யாரோ போய் அதை அணைத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்குத் தோசை வார்த்துக்கொடுத்துவிட்டு, எனக்கு இரண்டு போதும் என்று எழுந்து போனேன். அதற்கு எந்த மனவுறுதியும் தேவைப்படவில்லை. ஒல்லியாக இருப்பவர்கள் எல்லாரும் இப்படித்தான் வாழ்கிறார்களா, இவர்களா எனக்கு அறிவுரை சொன்னார்கள் என்று அன்று வந்த கோபம் இன்னும் போகவில்லை.

ஆனால் அதைத் தொடர முடியவில்லை. அப்போது மாதம் பதினாலாயிரத்துக்கு மேல் ஆனது, டோஸ் கூடினால் இன்னும் கூடும், என் காப்பீட்டில் வராது, பெரியவன் காலேஜ் சேரும் வருஷம். நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கும் ஆய்வு இருக்கிறது. செமாகுளூடைடு (வெகோவியில் இருக்கும் மருந்து) போட்டுக் குறைத்தவர்கள் நிறுத்தி ஒரு வருஷத்தில், குறைத்ததில் மூன்றில் இரண்டு பங்கைத் திரும்பப் பெற்றார்கள். நான் போட்டது வேறு மருந்து என்றாலும் என் மெஷினும் அதே திசையில்தான் ஏறியது. வசதி இருப்பவர்கள் ஊசியைத் தொடரட்டும், நல்ல மருந்து. எனக்கு வாழ்நாள் முழுக்க மாதச் சந்தா கட்டும் வசதி இல்லை.

இப்போது எனக்கு வயது 43, உயரம் 159 சென்டிமீட்டர், எடை 97 கிலோ. பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று பார்க்கும் கணக்கு) 38ஐத் தாண்டுகிறது. ஏழு வருஷமாகச் சர்க்கரை, மூன்று மாத்திரைக்கும் அடங்குவதில்லை. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது, பரிசோதனையில் கடுமையான வகை என்று எழுதியிருக்கிறார்கள், ராத்திரி மாஸ்க் போட்டு மெஷினோடு படுக்கிறேன். முழங்கால் பற்றிச் சொல்லவே வேண்டாம். இந்த ஆபரேஷன் நூற்றைம்பது, இருநூறு கிலோ இருப்பவர்களுக்குத்தான் என்று நானும் நினைத்திருந்தேன். 1991இல் அமெரிக்காவில் வகுத்த விதியில்கூட பிஎம்ஐ 40, அல்லது கூடவே நோய் இருந்தால் 35 என்றுதான் இருந்தது. 2022இல் புது வழிகாட்டுதல் வந்தபோது, 35க்கு மேல் இருந்தால் வேறு நோய் இல்லாவிட்டாலும் பரிந்துரைக்கலாம் என்றார்கள். ஆசியர்களுக்கு இந்த வரம்புகளே இன்னும் கீழே, 27.5 முதலே யோசிக்கலாம் என்று இருக்கிறது. நமக்கெல்லாம் குறைந்த எடையிலேயே சர்க்கரை வந்துவிடுகிறதே, அதனால்.

எந்த ஆபரேஷன் என்பதில் முதலில் ஸ்லீவ் என்றுதான் நினைத்தேன். அதில் இரைப்பையில் முக்கால் பாகத்துக்கு மேல் வெட்டி வெளியே எடுத்துவிட்டு நீளமான குழாயாக விட்டுவிடுவார்கள். இப்போது அதிகம் செய்வதும் அதுதான். ஆனால் எனக்கு வருஷக்கணக்காக நெஞ்செரிச்சல். எண்டோஸ்கோபி பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார், ஸ்லீவ் செய்தால் இது மோசமாக வாய்ப்பு அதிகம், உங்களுக்கு இரைப்பை பைபாஸ்தான் சரி என்று. பைபாஸில் எதையும் வெட்டி எடுப்பதில்லை. இரைப்பையின் மேல் முனையில் 30 மில்லி பிடிக்கும் அளவு ஒரு சின்னப் பையாகப் பிரித்து, அதை நேராகச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு இணைக்கிறார்கள். மீதி இரைப்பை சும்மா உள்ளேயே இருக்கும். சாப்பாடு குடலின் கீழ்ப்பகுதிக்குச் சீக்கிரம் போய்ச் சேர்வதால் வயிறு நிறைந்த உணர்வைத் தரும் ஹார்மோன்கள் அதிகம் சுரக்கின்றன. அதில் ஒன்று ஜிஎல்பி-1. ஊசி எந்த ஹார்மோன்களின் வேலையைச் செய்ததோ, அவற்றில் இதுவும் ஒன்று. இதைக் கேட்டபோதுதான் எனக்குள் முடிவாகிவிட்டது. சர்க்கரையும் பலருக்கு எடை இறங்கும் முன்பே, சில நாளிலேயே குறையத் தொடங்குமாம். முழுசாகப் போய்விடும் என்று டாக்டர் வாக்குக் கொடுக்கவில்லை, சர்க்கரை வந்து வருஷம் ஆக ஆக அந்த வாய்ப்பு குறையும் என்றார். கொடுக்காததால்தான் அவரை நம்பினேன்.

கொடுக்க வேண்டிய விலையும் சின்னது இல்லை. இரும்பு, கால்சியம், பி12, டி வைட்டமின் மாத்திரைகள் சாகும்வரை. தலைவலிக்கும் முழங்காலுக்கும் நான் அடிக்கடி போட்டுக்கொள்ளும் வலி மாத்திரைகளை இனி தொடக்கூடாது, புண் வரும். மூன்றாம் மாதத்திலிருந்து முடி கொட்டும், அப்புறம் வளரும் என்கிறார்கள். இனிப்பு கொஞ்சம் கூடினால் படபடப்பும் வியர்வையும் வயிற்றுப்போக்கும். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது, அரை மணி நேரம் இடைவெளி விட வேண்டும், ரசத்துக்கும் மோருக்கும் என்ன சட்டம் என்று உணவு ஆலோசகரிடம் சண்டையே போட்டேன் (முதல் இரண்டு வாரம் அதுதான் உங்கள் சாப்பாடே, ஆனால் வடிகட்டி, என்றார்). எடை கொஞ்சம் திரும்பும் என்பதும் தெரியும். ஸ்வீடனில் 1987இல் தொடங்கிய ஆய்வில் ஆபரேஷன் செய்தவர்களை இருபது வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். அவர்களில் பலருக்குச் செய்தது இப்போது வழக்கத்தில் இல்லாத பழைய முறை. அப்படியும் இருபது வருஷம் கழித்துச் சராசரியாக 18 சதவீத எடைக் குறைவு நின்றது, செய்யாதவர்களுக்கு ஒரு சதவீதம். என் கணக்கு நோட்டில் எந்த டயட்டும் இரண்டு வருஷம் தாண்டியதில்லை.

பயம் இல்லாமல் இல்லை. 2024 ஏப்ரலில் சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் இந்த ஆபரேஷனுக்குப் போன புதுச்சேரி இளைஞர், 26 வயதுதான், இறந்துபோன செய்தி வந்ததே, அதை வீட்டுக்காரர் ஃபோனில் இன்னும் வைத்திருக்கிறார். விஷயத்தை எடுத்த அன்றே அதைக் காட்டினார். "நீ இப்படியே இருந்தா எனக்குப் பரவாயில்ல, இல்லாமப் போனா?" என்றார். அதற்கு நான் புள்ளிவிவரம் சொல்ல விரும்பவில்லை. அனுபவமுள்ள இடங்களில் இறப்பு ஆயிரத்தில் ஒன்று இரண்டு என்பது உண்மைதான், ஆனால் அந்த ஒன்று யார் வீட்டுக்கோ வரத்தான் செய்கிறது. அவரையும் கூட்டிக்கொண்டு போய் டாக்டர் முன்னால் உட்கார்ந்து கேட்டோம். வருஷத்துக்கு எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள், ஐசியூ இதே கட்டடத்திலா, மயக்க மருந்து டாக்டர் முழுநேரமா வெளியிலிருந்து வருபவரா, தையல் போட்ட இடத்தில் கசிந்தால் நடுராத்திரி யார் வருவார், கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையாமல் இருக்க என்ன செய்வீர்கள். முதலில் போன இடத்தில் இதையெல்லாம் கேட்டதற்குச் சிரித்துவிட்டு, இந்த மாதம் பணம் கட்டினால் தள்ளுபடி என்றார்கள். எழுந்து வந்துவிட்டோம். இரண்டாவது இடத்தில் ஒவ்வொன்றுக்கும் உட்கார்ந்து பதில் சொன்னார்கள், மனநல ஆலோசகரைப் பார்க்காமல் தேதியே தர மாட்டோம் என்றார்கள்.

பணம். மொத்தம் நாலு லட்சத்துக்குப் பக்கம். "அழகுக்காக இவ்வளவா?" என்று நாத்தனார் கேட்டாள், அவளுக்குப் பதில் சொல்லவில்லை. காப்பீட்டில் வராது என்றுதான் ஏஜெண்டும் சொன்னார். பாலிசியைப் பிரித்துப் படித்தால் விஷயம் வேறு. 2019இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் விலக்குகளை (எதற்கெல்லாம் பணம் தர மாட்டார்கள் என்ற பட்டியலை) ஒழுங்குபடுத்தியபோது, பிஎம்ஐ 40 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, 35 அல்லது அதற்கு மேல் இருந்து தூக்கத்தில் கடுமையான மூச்சுத் தடையோ கட்டுக்கடங்காத சர்க்கரையோ இருந்து மற்ற வழிகள் பலிக்காமல் போயிருந்தாலோ, டாக்டர் பரிந்துரையோடு இதைச் சேர்க்கலாம் என்று எழுதியிருக்கிறது. உங்கள் பாலிசியில் விலக்கு எண் 06 என்று இருக்கும், பாருங்கள். மற்ற வழிகள் பலிக்கவில்லை என்பதற்கு ஆதாரம் கேட்டார்கள். என்னிடமா கேட்பது! உணவு ஆலோசகர்களின் சீட்டுகள், ஜிம் ரசீதுகள், ஊசி பில், என் நோட்டுகள், எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து அனுப்பினேன். இத்தனை வருஷம் பீரோவின் அடியில் மறைத்து வைத்திருந்த காகிதங்கள். போன வாரம் அனுமதி வந்தது, முக்கால்வாசித் தொகைக்கு.

மிச்சம் இருந்தது லீவ் லெட்டர். அம்மா, அக்கா, தோழிகள் எல்லாரும் ஒரே மாதிரி யோசனை சொன்னார்கள்: ஹெர்னியா என்று போடு, கர்ப்பப்பை என்று போடு, யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். அப்படிப் போட்டவர்கள் இருக்கிறார்கள், நான் குறை சொல்லவில்லை, அவரவர் ஆபீஸ் அவரவருக்குத் தெரியும். நான் உடல் பருமன் அறுவை சிகிச்சை, மூன்று வாரம் என்று எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் படித்துவிட்டு, கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, "வயித்து ஆபரேஷன்னு மட்டும் போட்டுடலாமே மேடம்" என்றார். வேண்டாம் சார், இப்படியே இருக்கட்டும் என்றேன். கையெழுத்துப் போட்டு ஹெச்ஆருக்கு அனுப்பிவிட்டார்.