ஒன்பது கட்டை

ஜூலை 3, வியாழன்

மொண்டிசோரி வகுப்பின் பிங்க் டவரில், பத்துக் கட்டைக் கோபுரத்தில், ஒரு கட்டை குறைகிறது. உச்சியில் வைக்கும் ஒரு சென்ரிமீற்றர் கட்டை. பாய்களை உதறினோம், அலுமாரியை இழுத்துப் பார்த்தோம், குப்பைக்கூடையைக் கவிழ்த்தோம். இல்லை. பத்து சென்ரிமீற்றர் கட்டை என்றால் யார் காலிலாவது இடித்திருக்கும். இது ஒரு கடலை அளவு.

நேற்று வகுப்பைப் பூட்டியது நான். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா ஆயம்மாவுக்குக் காய்ச்சல் என்று என் மகள் குட்டியையும் நேற்றுக் கூட்டிப் போயிருந்தேன்.

ஜூலை 5, சனி

மொண்டிசோரி டிப்ளோமா வகுப்பு. முதல் பள்ளி: ரோம், சான் லொரென்சோ, 1907 ஜனவரி 6. பரீட்சைக்காக எத்தனையோ தடவை பாடமாக்கிய வரி, இன்றைக்குத்தான் காதில் விழுந்தது. அந்தக் கட்டடத்தில் தாய் தகப்பன் இரண்டு பேரும் விடியவே வேலைக்குப் போய்விடுவார்கள். பள்ளிக்கூடம் போகும் வயது வராத பிள்ளைகள் படிக்கட்டில் ஓடி, சுவரைப் பாழாக்கித் திரிந்தார்கள். சுவரைக் காப்பாற்றத்தான் கட்டடக்காரர்கள் ஓர் அறையை ஒதுக்கி, பார்த்துக்கொள்ள ஆள் தேடினார்கள். அப்படி வந்தவர்தான் டொக்டர் மொண்டிசோரி.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மிஸ் என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். பிள்ளைக்காம்பரா, மிஸ், அது பிள்ளைக்காம்பரா! எங்கள் அம்மாவும் பெரட்டுக்கு, காலை ஆள்கணக்குக்கு, முன்னால் என்னைச் சேலைத் தொட்டிலில் போட்டுவிட்டுத்தான் கொழுந்துக்குப் போனார். அங்கே சுவருக்காக, இங்கே கொழுந்துக்காக. பிள்ளைக்காக என்று முதலில் யாரும் கதவைத் திறக்கவில்லை. ஆனால் ரோமில் அந்தக் கதவால் ஒரு டொக்டர் உள்ளே வந்தார், உட்கார்ந்து பிள்ளைகளைப் பார்த்தார். எங்களுக்கு ஓர் ஆயம்மா வந்தார். அவர் திரிபோஷா சத்துமா உருண்டை பிடிப்பாரா, மூக்கைத் துடைப்பாரா, உட்கார்ந்து பார்ப்பாரா?

பஸ்ஸில் ஒழுகியது. டிப்ளோமாப் பாடம் எழுதி வரைந்த அல்பத்தை மடியில் வைத்து மேலே சுவிட்டரைப் போட்டுக் குந்தியிருந்தேன். நான் நனைந்தால் காயும், வோட்டர் கலரில் வரைந்த படம் காயாது.

ஜூலை 6, ஞாயிறு

மழை. குட்டியின் அப்பா போன் எடுக்கவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

பெரிய டீச்சர் என் முகத்தைப் பார்க்கவில்லை, ரெஜிஸ்டரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "ஒண்ணா ஒண்ணா தர மாட்டாங்க, செட்டாத்தான் வாங்கணும். யாரு கட்டுறது?" நான் பேசவில்லை. ஒன்பதை வைத்தே பாடத்தை நடத்தச் சொன்னார். பிள்ளைகளுக்கு என்ன தெரியப்போகுதாம்.

என்ன தெரியப்போகிறதா? ஒவ்வொரு கட்டையும் அடுத்ததைவிட ஒரு சென்ரிமீற்றர் கூட. அந்தச் சின்னக் கட்டை ஆயிரம் சேர்ந்தால்தான் அடியில் இருக்கிற பெரிய கட்டை ஒன்று. பெரியதை இரண்டு கையாலும் தூக்கி வந்த பிள்ளை, கடைசியில் மூன்று விரல் நுனியால் அதை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு உச்சியில் வைக்கும். அந்தப் பிடிதான் பிறகு பென்சில் பிடிக்கிற பிடி. ஒன்பதோடு நிறுத்தினால் அந்த மூச்சு இல்லை. இதையெல்லாம் அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். இங்கே எழுதுகிறேன்.

ஜூலை 10, வியாழன். போயா, பௌர்ணமி லீவு

கொழும்பிலிருந்து அழைப்பு. வெள்ளவத்தையில் ஒரு மொண்டிசோரி. தமிழ்ப் பிள்ளைகளோடு பேச ஆள் வேண்டுமாம், சோதனை முடிந்தால் போதுமாம், சேர்ட்டிபிகட் பிறகு வரட்டுமாம். மாதம் 45,000. இங்கே 15,000. தங்க அறை தருகிறார்கள். "பிள்ளையோட வரேலாது மிஸ், நாலு பேர் இருக்கிற ரூம்."

எந்த வயதுப் பிள்ளைகள் என்று கேட்டேன். இரண்டரையிலிருந்து.

குட்டிக்கு மூன்று வயது இரண்டு மாதம்.

ஜூலை 11, வெள்ளி

நித்திரை இல்லை. மரியோ.

அல்பத்தின் முதல் பக்கத்தில் நானே எழுதியிருக்கிறேன்: மொண்டிசோரியின் மகன் மரியோ, பிறப்பு 1898 மார்ச் 31. மிஸ் அதைத் தாண்டிப் போய்விட்டார், நாங்களும் தாண்டினோம். கல்யாணம் ஆகாத பெண் டொக்டர். பிள்ளையை நாட்டுப்புறத்தில் வேறு குடும்பத்திடம் விட்டார். பார்க்கப் போவாராம், அம்மா என்று சொல்லிக்கொள்ளாமல். பதினைந்து வயதில்தான் மகன் அவரோடு போனான்.

அதாவது சான் லொரென்சோவில் அந்த ஐம்பது அறுபது பிள்ளைகளைப் பார்த்து நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்த நாட்களில் அவருடைய பிள்ளைக்கு எட்டு, ஒன்பது வயது. அவனுக்கு யார் பித்தான் போட்டுவிட்டது?

பெரிய மனுஷியைப் பற்றி இப்படிக் கேட்கலாமா தெரியாது. நடுச்சாமத்தில் கேட்கலாம்.

ஜூலை 12, சனி

செய்முறைச் சோதனை. சீட்டு எடுத்தேன்: பட்டன் பிரேம். பாயை விரித்து, பிரேமைக் கொண்டுவந்து வைத்து, மெதுவாக, வாய் திறக்காமல், மேலிருந்து கீழே ஒவ்வொரு பித்தானாகக் கழற்றிக் காட்டினேன், பூட்டிக் காட்டினேன். கை நடுங்கவில்லை. எழும்பும்போது பார்த்தால் என்னுடைய சுவிட்டரில் நடுப் பித்தான் இல்லை. சோதகரும் பார்த்தார். சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாடு!

ஜூலை 13, ஞாயிறு

கட்டை குட்டியிடம் இருக்கிறது.

விடியப்புறம் கன்னம் வீங்கியிருக்கிறதே, பல்வலியோ என்று விரலை விட்டுப் பார்த்தேன். எச்சிலில் ஊறி, பிங்க் பெயின்ட் ஒரு மூலையில் உரிந்து, அந்தக் கட்டை. பதினொரு நாளாக எங்கே வைத்திருந்தாளோ. பகலில் அம்மாவின் வெற்றிலைப் பையிலாம், இரவில் கன்னத்திலாம். அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது! "புள்ள வெளையாடுது, ஒரு மரத்துண்டு, விடேன்." விழுங்கியிருந்தால்? மூச்சுக்குழாயில் போயிருந்தால்? ஆஸ்பத்திரிக்கு இந்த ரோட்டில் எத்தனை மணித்தியாலம்? மரத்துண்டு எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியவும் மாட்டாது. கத்தினேன். இப்படிக் கத்தக் கூடாது என்று அல்பத்தில் ஒரு பாடமே இருக்கிறது.

பறித்தேன். குட்டி அழவில்லை. கையை நீட்டியபடியே நின்றாள். அரை மணித்தியாலம் நின்றாள்.

கொடுத்துவிட்டேன். வாயில் வைக்க மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு. மூன்று வயதுப் பிள்ளையின் சத்தியம்.

ஜூலை 15, செவ்வாய்

வகுப்பில் இன்னும் ஒன்பதுதான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஜூலை 17, வியாழன். ஆடி 1

கொழும்பு மெடம் ஆகஸ்ட் 4 வேலையில் நிற்கச் சொல்கிறார். அம்மா ஆடியில் அடி எடுத்து வைக்காதே என்கிறார். "ஆவணி பொறக்கட்டும். ஓடியா போயிரும் கொழும்பு?" அம்மா இன்று 14 கிலோதான் எடுத்தாராம், அரைப்பேர், அரைநாள் சம்பளம். முழங்காலில் அட்டை கடித்த இடம் கறுத்துக் கிடக்கிறது. அந்தக் காலோடு என் பிள்ளையைப் பார்ப்பாராம். பகலில் பிள்ளைக்காம்பரா இருக்காம். "நீ வளரலையா?"

வளர்ந்தேன்.

ஜூலை 20, ஞாயிறு

டவுனில் மரவேலை செய்கிற பாஸிடம் ஒரு சென்ரிமீற்றர் கட்டை கேட்டேன். "மேசை, கதிரை கேப்பாங்க, இதென்னம்மா தாயக்கட்டையா?" காசு வாங்கவில்லை. வர்ணத்துக்கு மூன்று கடை ஏறினேன். பிங்க் கிடைத்தது, அந்தப் பிங்க் இல்லை.

மிச்சமிருந்த சாண்ட் பேப்பரில் குட்டிக்கு 'ட' வெட்டி அட்டையில் ஒட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினாள். மேலிருந்து கீழே, பிறகு பக்கவாட்டில். திரும்பத் திரும்ப. விரல் சிவக்கும் வரைக்கும்.

ஜூலை 23, புதன்

புதுக் கட்டையை வைத்தேன். பெரிய டீச்சர் எண்ணிப் பார்த்தார், பத்து, தலையாட்டினார். பத்து மணிக்கு ஒரு நாலு வயதுக்காரன் கோபுரம் கட்டினான். உச்சிக் கட்டையை எடுத்தவன் வைக்கவில்லை. உள்ளங்கையில் உருட்டினான். இரண்டு சென்ரிமீற்றர் கட்டைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். "டீச்சர், இது அது இல்ல."

வீட்டில் அடிமட்டம் வைத்துப் பார்த்தேன் என்றால் பொய். வகுப்பிலேயே, எல்லோரும் போன பிறகு, பார்த்தேன். ஒன்றே கால் சென்ரிமீற்றர்.

அந்தப் பிள்ளைக்கு எழுந்து கும்பிடு போடலாம்.

ஜூலை 26, சனி

சோதனை பாஸ். குட்டியின் அப்பாவுக்கு மெசேஜ் போட்டேன். ஒரு டிக், அவ்வளவுதான்.

ஜூலை 27, ஞாயிறு

திரும்பவும் மரியோ. 1939இல் தாயும் மகனுமாக மதராசுக்கு வந்தார்கள், அடையாறு. அடுத்த வருஷம் இத்தாலி யுத்தத்தில் சேர, வெள்ளைக்காரன் மரியோவைப் பிடித்து முகாமில் போட்டான். விட்டது ஆகஸ்ட் 31, தாயுடைய எழுபதாவது பிறந்த நாளில். பிறகு கொடைக்கானலில் இரண்டு வருஷம். அதுவும் மலை, அதுவும் குளிர். 1944இல் இலங்கைக்கும் வந்து வகுப்பு எடுத்திருக்கிறார். என் அம்மாயி அப்போது கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டத் தொடங்கியிருப்பார்.

அந்த இரண்டு மாத முகாமுக்கு அவர் அழுதிருப்பார். முதல் பதினைந்து வருஷத்துக்கு?

ஜூலை 31, வியாழன்

வேலையை விட்டாயிற்று. செட்டுக்கு என்று கடைசிச் சம்பளத்தில் 6,000 பிடித்தார்கள். நான் வாயைத் திறந்திருக்க வேண்டியவள், திறக்கவில்லை. ஆக அந்தக் கட்டை இப்போது என் காசு.

ஆகஸ்ட் 2, சனி

பிள்ளைக்காம்பரா ஆயம்மாவிடம் போனேன். பித்தானைத் தானே போடப் பழகுகிறாள், அவசரத்துக்கு நீங்கள் போட்டுவிட வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள் என்றேன். ஆயம்மா சிரித்தார். "இருவத்தாறு புள்ள, தங்கச்சி." சரிதான். வெட்கமாக இருந்தது. அந்த அலுமாரியின் கீழ்த்தட்டைக் கேட்டு வாங்கி இரண்டு சின்னச் சாடியும் ஒரு கிண்ணமும் சிவப்பு அவரையும் வைத்துவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

விடியக்காலை 5.10. பேக் வாசலில். தம்பி குடையோடு நிற்கிறான். அம்மா பேசவில்லை, ரொட்டி சுட்டுச் சுற்றித் தந்திருக்கிறார்.

குட்டி எழும்பிவிட்டாள். பஸ் ரோட்டு வரைக்கும் வருவாளாம். சிவப்புச் சுவிட்டர், ஐந்து பித்தான். நானே, நானே என்கிறாள். கை சும்மா இருந்தால் உதவப் போய்விடும் என்றுதான் போனில் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். முதலாவது போட்டாயிற்று. இரண்டாவது தப்பான துளையில். பார்த்துவிட்டாள், கழற்றுகிறாள். கன்னம் புடைத்திருக்கிறது, துப்பச் சொல்ல வேண்டும். தம்பி கூப்பிடுகிறான். கீழ் வளைவில் பஸ் ஹோர்ன் அடிக்கிறது. மூன்றாவது