முன்சியாரியில் ஒரு கம்பளிப் பானை

ஊர் திரும்பி ஐந்து நாளாகிறது. என் நகங்கள் இன்னும் வெற்றிலை மென்ற பல் மாதிரி இருக்கின்றன. எலுமிச்சை தேய்த்தும் போகவில்லை.

எப்படிப் போவது, எங்கே தங்குவது என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். உத்தராகண்ட் மலையடிவாரத்து ஹல்த்வானியில் விடியுமுன் ஷேர் ஜீப் பிடித்தால் சாயங்காலம் மலைமேல் முன்சியாரி. பத்துப் பேர் வண்டியில் பதின்மூன்று பேர், என் மடியில் யாருடையதோ மாவு மூட்டை. பிர்த்தி அருவியை நான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, "மேலே ரோடு மோசம்" என்று டிரைவர் 300 ரூபாய் கூடுதலாக வாங்கிவிட்டார். வேறு யாரும் கொடுக்கவில்லை என்பது இறங்கியபின்தான் தெரிந்தது. பகல் கொள்ளை. வைத்திருந்த பட்ஜெட் முதல் நாளே ஓட்டை.

பஞ்சசூலிச் சிகரங்களைப் பார்க்கத்தான் போனேன். இரண்டு நாளும் மேகம். சரி, கொல்லைப்பக்கம் போனால், தங்கிய வீட்டு தீதி (இந்தியில் அக்கா) அடுப்பு மூட்டிக் கம்பளிக்குச் சாயம் ஏற்றிக்கொண்டிருந்தார். ஜோஹார் பள்ளத்தாக்குக் குடும்பம். 1962-இல் திபெத் வணிகம் நிற்கும்வரை கம்பளிதான் அவர்கள் பிழைப்பு. நூல் நூற்கும் தக்ளி இன்றும் வீட்டில் சுற்றுகிறது.

நூற்ற பிறகு சாயம் போடாமல், பஞ்சாக இருக்கும்போதே போடுகிறார். அப்போதுதான் நூற்கும்போது இரண்டு நிறங்களைக் கலந்து இழுக்கலாமாம். பழுப்புக்கு அக்ரூட்டின் பச்சை மேல்தோல்; படிகாரம்கூட வேண்டாம், தானே பிடித்துக்கொள்ளும். மஞ்சள் நிறத்துக்கு டோலு என்கிற மலைச்செடியின் வேர். அதற்குப் படிகாரம் உண்டு, கிலோவுக்கு 100 கிராமுக்குச் சற்று மேல்.

"நீயும் போடு" என்று கால் கிலோ கொடுத்தார். நான் கேசரி கிண்டுகிற மாதிரி கிண்டினேன். அப்புறம் பானையிலிருந்து எடுத்து நேராகக் குழாயடியில் காட்டி, துணி பிழிவதுபோல் முறுக்கிப் பிழிந்தேன். கையில் மிஞ்சியது கால்மிதி மாதிரி இறுகிப்போன ஒரு துண்டு! கம்பளி இழையில் மீன் செதில் மாதிரி செதில்கள் உண்டு. சூட்டிலும் அலசலிலும் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டால் பிரிக்கவே முடியாது. அத்தனை உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், அந்தச் சூடே போதும். தீதி செய்ததெல்லாம் அமுக்கி வைத்தது, சிறு தீயில் ஒரு மணி நேரம் விட்டது, ராத்திரி முழுக்க அதே தண்ணீரில் ஆறவிட்டது. "ஹாத் மத் லகாவோ" (கை வைக்காதே) என்று பத்து தடவையாவது அதட்டியிருப்பார்.

ராத்திரி முன்சியாரி ராஜ்மா, சோறு, நெய். தோல் மெல்லியது, வாயில் வைத்ததும் கரைந்தது. மூன்று தட்டு சாப்பிட்டேன், வெட்கமில்லை. இதற்காகவே இன்னொரு தடவை அந்த ஜீப்பில் ஏறுவேன்.

மூன்றாம் நாள் விடியலில் பஞ்சசூலி கால் மணி நேரம் தெரிந்தது. நான் கொல்லையில் பானையைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் கால்மிதி இப்போது எங்கள் வீட்டில் குக்கருக்குப் பிரிமணை.