முகக் கட்டி வைவா: இரண்டாம் முறை தேறிய கதை

வாய்முக அறுவை சிகிச்சைப் படிப்பின் வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், முதல் தடவை என்னைக் கவிழ்த்தது ஒரே ஒரு முடி. படத்தில் இரண்டு வயதுக் குழந்தை. மூக்குத்தண்டின் நட்டநடுவில் ஊசிமுனை மாதிரி ஒரு குழி, பக்கத்தில் பட்டாணி அளவு வீக்கம். "என்ன செய்வீர்கள்?" என்றார் தேர்வாளர். "செபேஷியஸ் சிஸ்ட், வெட்டி எடுத்துவிடுவேன்" என்றேன், யோசிக்காமல். தோலில் சாதாரணமாக வரும் பை போன்ற கட்டி என்று நினைத்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் படத்தைப் பெரிதாக்கினார். குழிக்குள்ளிருந்து ஒரு முடி எட்டிப் பார்த்தது.

குழியும் முடியும் மூக்கின் நடுக்கோட்டில் இருந்தால் அது டெர்மாய்டு, அதாவது பிறவியிலேயே தோல் உள்ளே சிக்கி உருவான கட்டி, என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். கரு வளரும்போது மூளையுறையும் மூக்குத்தோலும் கொஞ்ச காலம் ஒட்டி இருந்து பிறகு பிரியும். சரியாகப் பிரியாவிட்டால் தோல் ஒரு குழாய் மாதிரி உள்ளே இழுபட்டுப் போகும். சில குழந்தைகளுக்கு மண்டையோட்டுக்குள்ளேயே போய்விடும். ஸ்கேன் பார்க்காமல் அதில் கத்தி வைத்தால் மூளைத்தண்டுவட நீர் கசியலாம், மூளைக்காய்ச்சல் வரலாம். அதே இடத்தில் வரும் இன்னொன்று மூளையுறைப் பிதுக்கம். குழந்தை அழும்போது அது பெரிதாகும், டெர்மாய்டு ஆகாது. எம்ஆர்ஐ, தேவைப்பட்டால் சிடி, நரம்பியல் அறுவை மருத்துவரிடம் ஒரு பேச்சு. இவை முடியும்வரை துணுக்கு எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸிகூடக் கிடையாது. இதைத்தான் அவர் எதிர்பார்த்தார். கட்டியின் பெயரை அவர் கேட்கவே இல்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

இரண்டாம் தடவைக்குப் படிக்கும்போது பெயர்ப் பட்டியலைத் தூக்கிப் போட்டேன். முகத்தை இடம் இடமாகப் பிரித்துக்கொண்டேன். சிங்கப்பூரில் ஃபேரர் பார்க்கில் ரயில் ஏறினால் ஓட்ரம் பார்க்குக்கு ஐந்து நிறுத்தம். ஒரு நிறுத்தத்துக்கு ஓர் இடம் என்று கணக்கு. லிட்டில் இந்தியா வருவதற்குள் புருவ ஓரம், டோபி காட்டுக்குள் மூக்கோரம், கிளார்க் கீக்குள் கன்னம், சைனாடவுனுக்குள் காதடி, கடைசியில் தாடை. ஒவ்வோர் இடத்துக்கும் ஒரே கேள்விதான்: கத்தி எடுப்பதற்கு முன் எனக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்?

புருவத்தின் வெளிமுனையில் பிறந்ததிலிருந்தே இருக்கும் மெத்தென்ற கட்டியும் பெரும்பாலும் டெர்மாய்டுதான், ஆனால் நடுக்கோட்டு டெர்மாய்டு அளவுக்குப் பயமுறுத்தாது. எலும்பை ஒட்டி உட்கார்ந்திருக்கும். புருவ ஓரத்திலோ மேலிமை மடிப்பிலோ கீறினால் தழும்பு தெரியாது. புருவத்தை மட்டும் சிரைக்காதீர்கள். திரும்ப ஒழுங்காக வளரும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

மூக்கோரத்தில் நேசோலேபியல் சிஸ்ட், மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவில் வரும் பை. இதற்குக் கண்ணை நம்பாதீர்கள், விரலை நம்புங்கள். ஒரு விரல் மேலுதட்டுக்குள், இன்னொன்று மூக்குத்துளையின் தரையில். இரண்டுக்கும் நடுவில் பந்து மாதிரி தளும்பும். பற்கள் உயிரோடு இருக்கும், அதாவது இது பல்லிலிருந்து வந்ததல்ல. உதட்டுக்குள்ளிருந்து கீறித்தான் எடுப்பார்கள். மூக்குத் தரையின் சவ்வோடு ஒட்டியிருப்பதால் பிரிக்கும்போது கிழியலாம், கிழிந்தால் அங்கேயே தைக்க வேண்டும். "கிழிந்தால்?" என்று கேட்பார்கள்.

காதுமடலுக்குக் கீழே எது வந்தாலும், அது இல்லை என்று நிரூபிக்கும்வரை பரோட்டிட் கட்டிதான், அதாவது காதருகே உள்ள உமிழ்நீர்ச் சுரப்பியின் கட்டி. முகத்தை அசைக்கும் முகநரம்பு அதற்குள்தான் ஓடுகிறது. புருவத்தை உயர்த்தச் சொல்லுங்கள், கண்ணை இறுக்கி மூடச் சொல்லுங்கள், பல்லைக் காட்டச் சொல்லுங்கள், பார்த்ததை எழுதி வையுங்கள். இந்தச் சுரப்பியில் வரும் ப்ளியோமார்ஃபிக் அடினோமா என்ற புற்றல்லாத கட்டியைக் கட்டி மட்டும் போதும் என்று தோண்டி எடுத்தால், உறை கிழிந்து சிதறிய துணுக்குகளிலிருந்து பல வருடம் கழித்துத் திரும்ப முளைக்கும். நம் பக்கத்து ஆசிய ஆண்களிடம் கிமுரா நோயையும் நினைவில் வையுங்கள். காதருகே வீக்கம், நிணநீர்க் கணுக்கள், அரிப்பு. ரத்தத்தில் இயோசினோஃபில் என்ற வெள்ளணு ஏறியிருக்கும். சிறுநீரில் புரதம் போகிறதா என்றும் பார்க்க வேண்டும், ஏனென்றால் இது சிறுநீரகத்தையும் தொடும்.

தாடைக்கு வந்தால் எனக்கு ஒரு மனிதரின் ஞாபகம்தான் வரும். புதுக்கோட்டைக்காரர், துவாஸில் கப்பல் பட்டறை வேலை. தாடையில் ஒரு குழிந்த புண், அவ்வப்போது சீழ். "ரெண்டு வாட்டி அறுத்தாச்சு டாக்டர் தம்பி, மறுபடி மறுபடி வருது" என்றார். இரண்டு முறையும் தோல் கட்டி என்றே எடுத்திருக்கிறார்கள். புண்ணின் அடியை விரலால் உருட்டினால் உள்ளே எலும்பை நோக்கி ஒரு கயிறு போவது தெரிந்தது. வாயைத் திறக்கச் சொன்னோம். கீழ் முன்பல் ஒன்று கருத்திருந்தது, குளிர் வைத்துப் பார்த்தால் உணர்வில்லை. எக்ஸ்ரேயில் வேர் நுனியைச் சுற்றிக் கருப்பு வட்டம். வேர் சிகிச்சை செய்ததும் புண் தானாக ஆறியது. மூன்றாவது அறுவை தேவைப்படவே இல்லை. வைவாவில் தாடைத்தோலில் எதைக் காட்டினாலும் "முதலில் பற்களைப் பார்ப்பேன்" என்று ஆரம்பியுங்கள்.

தாடை எலும்புக்குள் இருப்பவற்றில் கெரடோசிஸ்ட் என்ற பையைத்தான் அதிகம் துருவுவார்கள். உலக சுகாதார நிறுவனம் 2005-ல் அதைக் கட்டி வகையில் சேர்த்து, 2017-ல் திரும்ப சிஸ்ட் என்றே வைத்தது. பழைய புத்தகத்தில் படித்தவர்கள் இங்கே வழுக்குவார்கள். சின்ன வயதில் ஒன்றுக்கு மேற்பட்டவை இருந்தால் உள்ளங்கைக் குழிகளையும் விலா எலும்பையும் பாருங்கள், கோர்லின் என்ற மரபணு நோயாக இருக்கலாம்.

மருந்துக் கணக்கு வாயில் நிற்க வேண்டும். மரத்துப்போக வைக்கும் லிக்னோகெயின் அட்ரினலின் கலக்காமல் அதிகபட்சம் கிலோவுக்கு 3 மில்லிகிராம், கலந்தது 7. 60 கிலோ ஆளுக்கு 1 சதவீத மருந்தில் 18 மில்லி, கலந்ததில் 42 மில்லி. அதேபோல் வெட்டிவிடாமல் காக்க வேண்டிய முகநரம்பின் நெற்றிக்கிளை ஓடும் வழி: காதுத்துளைக்கு முன்னால் துருத்தும் குருத்தெலும்புக்கு அரை சென்டிமீட்டர் கீழிருந்து புருவ வெளிமுனைக்கு ஒன்றரை சென்டிமீட்டர் மேல்வரை ஒரு கோடு. இதை என் முகத்திலேயே பேனாவால் வரைந்து பழகினேன். ஒருநாள் கழுவ மறந்து தேக்காவில் தோசை வாங்க நின்றபோது கடை அக்கா, "என்ன தம்பி, மூஞ்சியில ரோடு போட்டிருக்கே?" என்றார். அந்தக் கோடு இன்றுவரை மறக்கவில்லை.

இரண்டாம் வைவாவில் கன்னம் வந்தது. ஏழு வயதுப் பெண்குழந்தை, காதுக்கு முன்னால் லேசாக நீலம் பூத்த கட்டி, கல் மாதிரி இருக்கிறதாம். தோலை இழுத்துப் பிடித்தால் கட்டி முனை முனையாகத் தெரியும், ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் சீசா போல எழும் என்றேன். பரோட்டிட்டுக்கு மேல் இருப்பதால் ஆழம் தெரிய அல்ட்ராசவுண்ட், முகநரம்பு சோதனை, அப்புறம் ஒட்டிய தோலோடு சேர்த்து முழுசாக எடுப்பேன் என்றேன். பைலோமேட்ரிகோமா, முடிவேரிலிருந்து வரும் கட்டி, என்ற பெயரைக் கடைசியில்தான் சொன்னேன்.

"தாயிடம் இதை எப்படிச் சொல்வீர்கள்?" என்றார். இதற்கு மட்டும் நான் பயப்படவில்லை. முந்தைய ஞாயிறு வீட்டில் அம்மாவை எதிரே உட்கார வைத்துச் சொல்லிப் பார்த்திருந்தேன். புற்றுநோய் இல்லை, முழுசாக எடுத்தால் திரும்ப வருவது அபூர்வம் என்று நான் அடுக்க அடுக்க அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "பொண்ணாச்சே, தழும்பு தெரியுமாடா?" தேர்வாளரிடம் அந்தக் கேள்விக்கான பதிலிலிருந்தே தொடங்கினேன்: தோலின் இயல்பான மடிப்புக்கோட்டில், காதுக்கு முன்னால் ஒரு மெல்லிய கோடு இருக்கும், சில மாதம் சிவந்திருந்து பிறகு மங்கும்.