வெள்ளிக்கிழமை வயிற்றுவலி

மாதத்தில் 2-வது, 4-வது சனிக்கிழமை காலையில் திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டை ரயிலைப் பிடித்து அம்பாசமுத்திரம் போவேன். ஸ்டேஷனில் மதினி என் மருமகனோடு, அதாவது என் அண்ணன் மகனோடு நிற்பார்கள். அண்ணனைப் பிரிந்து மூன்று வருஷமாகியும் அவர்களை வேறு எப்படியும் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. "இருமல் மருந்து சைடு ஜிப்புல இருக்கு" என்று பையை நீட்டுவார்கள். அவ்வளவுதான் பேச்சு.

ரயில் கிளம்பி தாமிரபரணிப் பாலத்தைத் தாண்டுகிறவரை அவன் ஜன்னலைவிட்டுத் திரும்பமாட்டான். கல்லிடைக்குறிச்சி வந்ததும் சிரிப்பான். பாலத்துக்கு அந்தப் பக்கம் அம்மா பிள்ளை, இந்தப் பக்கம் அப்பா பிள்ளை. அவனே போட்டுக்கொண்ட கோடு அது.

அண்ணனும் மதினியும் 1955-ம் வருஷத்து இந்து திருமணச் சட்டத்தின் 13-பி பிரிவில், இரண்டு பேரும் சம்மதித்துத்தான் பிரிந்தார்கள். மனு போட்டபின் 6 மாதக் காத்திருப்பு உண்டு. அந்த அவகாசம் பெரியவர்கள் யோசிக்க. அப்போது இவனுக்கு 6 வயது. மூன்று வயதிலேயே நின்றிருந்த பழக்கம், தூக்கத்தில் பாயை நனைப்பது, திரும்ப வந்துவிட்டது. ஒருநாள் ராத்திரி ஈரப் பாயைச் சுருட்டும்போது கேட்டான்: "அத்தை, நான் பென்சில் டப்பாவத் தொலச்சதுக்குத்தான அவிய ரெண்டு பேரும் சண்ட போட்டாவ?"

எனக்குக் கை ஓடவில்லை. எத்தனை நாளாக அதைச் சுமந்துகொண்டிருந்தானோ.

பிறகு வயிற்றுவலி. இங்கே வருவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை தவறாமல் வரும். ஸ்கேனில் ஒன்றுமில்லை. "வரவிடக் கூடாதுன்னு அவதான் சொல்லிக்குடுக்கா" என்றான் அண்ணன். நானும் நம்பினேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம், திரும்பக் கிளம்புகிற நேரத்தில், எங்கள் வீட்டிலும் அதே வலி வந்ததே!

அந்த வருஷம் ஆனித் தேரோட்டம். நெல்லையப்பர் தேர் வருகிறது, டவுன் ரதவீதியில் கால்வைக்க இடமில்லை. அண்ணன் தோளில் இவன். எதிர்ச் சாரியில் மதினி தன் அம்மாவோடு நின்றிருந்தார்கள். இவன் பார்த்துவிட்டான், நானும் பார்த்தேன். கை அசைக்கவில்லை. குனிந்து அண்ணன் தலைமுடிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். பெற்ற தாயைப் பார்த்ததை ஒரு 7 வயதுப் பிள்ளை, திருடியதை மறைப்பதுபோல மறைத்தான்.

அதற்குப் பிறகுதான் பாளையங்கோட்டையில் ஒரு மனநல மருத்துவரிடம் போனோம். அவர் முதலில் கேட்டது எங்களைத்தான்: "அங்கேயிருந்து வந்ததும் அவன்கிட்ட என்ன கேப்பீங்க?" நான் என்ன கேட்பேன்? இட்லியைத் தட்டில் வைத்துக்கொண்டே கேட்பேன்: "அம்மாவுக்குப் புது போன் யாருல வாங்கிக்குடுத்தா? அப்பாவப் பத்தி அங்க என்ன சொல்லுதாவ?" பாசமாகத்தான் கேட்டேன். அங்கேயும் இதே விசாரணை நடந்திருக்கிறது. இரண்டு வீட்டுக்கும் அவனை ஒற்றனாக்கிவிட்டோம்.

அன்று முதல் தேடித் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் மேவிஸ் ஹெதரிங்டன் என்ற உளவியலாளர் பல வருஷம் குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்திருக்கிறார். பிரிந்த குடும்பத்துப் பிள்ளைகளில் 100-க்குச் சுமார் 25 பேருக்கு மனதிலும் நடத்தையிலும் பெரிய சிக்கல்கள் இருந்தன. பிரியாத வீடுகளில் சுமார் 10 பேருக்கு. அந்த 25 என்னைப் பயமுறுத்தியது. மீதி 75 பேரை நினைத்துத்தான் தூங்கினேன். பிரிவைவிடப் பெற்றோரின் ஓயாத சண்டையும், நடுவில் பிள்ளையை நிறுத்துவதும்தான் அதிகம் கெடுக்கும் என்று மருத்துவரும் சொன்னார்.

கேள்வி கேட்பதை நிறுத்துவது லேசாக இல்லை. வாய்வரை வரும், முழுங்குவேன். அண்ணனுக்கு இன்னும் கஷ்டம். பாய் நனைவது சில மாதத்தில் நின்றது. வயிற்றுவலி போக ஒரு வருஷத்துக்கு மேலானது.

போன சனிக்கிழமை எங்கள் வீட்டில் சொதி. நாங்கள் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். முதல் வாய் வைத்துவிட்டு அவனாகவே சொன்னான்: "ஆச்சி, அம்மா வைக்க சொதி இதவிட நல்லாருக்கும். இஞ்சித் துவையலும் அவதான் நல்லா அரைப்பா."

அண்ணன் தலை நிமிரவில்லை. "அப்படியால? தேங்காப்பால் கூட ஊத்துவாளா இருக்கும்" என்று சொல்லி, என் அம்மா பேரன் தட்டில் இன்னொரு கரண்டி ஊற்றினாள்.